வைக்கோலைத் திறக்கும் நொதிகள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? மீஞ்சூரைத் தாண்டியதும் இருபுறமும் நெல் வயல்கள் தென்படும். பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைந்தால் சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகள் கண்ணில் படும். அந்த வயல்களுக்கும் இந்த ஆலை மதில்களுக்கும் இடையே மாடுகள் மேய்கின்றன. சாலையோரப் புல், அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தாள், மாலையில் கொட்டிலுக்குத் திரும்பியதும் கொஞ்சம் வைக்கோல், ஒரு தொட்டிக் கழுநீர் ஆகியவையே அவற்றின் அன்றாட உணவு.

இத்தகைய மாட்டை வைத்திருப்பவரிடம் கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் செரிமான நொதிகள் இருப்பதாகவும், அவற்றைத் தீவனத்தில் கலந்தால் அதே வைக்கோலிலிருந்து கூடுதல் சத்து கிடைக்கும் என்றும் அச்சிட்டிருக்கிறது. என்சைம் என்று பள்ளியில் நீங்கள் படித்தீர்களே, அதுதான் நொதி. பொட்டலத்திற்குக் கொடுக்கும் காசு பாலாகத் திரும்பி வருமா? இரண்டு மாடுகளை வைத்துக் காலந்தள்ளும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியன்று. இதற்கு விடை தேடுவோமானால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

1833ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலார் பாயன் என்பவர் பெர்சோ என்பவருடன் சேர்ந்து, முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். டயஸ்டேஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். வேதியியலார் கைக்கு வந்த முதல் நொதி அதுவே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1838இல், அதே பாயன் தாவரச் செல்களின் சுவர்களை ஆராய்ந்து செல்லுலோஸ் என்ற பொருளை அறிவித்தார். நொதியையும் செல்லுலோசையும் கண்டவர் ஒருவரே! ஆனால் அவர் கண்ட நொதி அவர் கண்ட செல்லுலோசை அசைக்கக்கூட முடியாது. இதில்தான் நம் கதையின் சிக்கல் தொடங்குகிறது.

சோற்றிலுள்ள மாவுப்பொருளும் வைக்கோலிலுள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. கண்ணிகளைக் கோத்திருக்கும் முறைதான் வேறு. மாவுப்பொருளில் சங்கிலி சுருண்டு நெகிழ்ந்து கிடக்கிறது. செல்லுலோசிலோ சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகப் பிணைந்து, நீர்கூட எளிதில் புக முடியாத கற்றைகளாக அமைகின்றன. நம் குடலிலோ மாட்டின் குடலிலோ சுரக்கும் எந்த நொதியும் இந்தக் கண்ணியை வெட்டாது. மாட்டின் குடலிலுமா என்று நீங்கள் வியப்படையலாம். ஆம், மாடு தானாக வைக்கோலைச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன.

வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையை நூறு லிட்டர் கொள்ளும் ஒரு நொதிக்கலம் எனலாம். வெப்பம் 39 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். காற்றுப் பட்டால் மடிந்துபோகும் இவற்றைத் தனித்தனியே வளர்த்துக் காட்டும் முறையை 1940களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹங்கேட் உருவாக்கினார். அதற்குப் பிறகும் ஒரு பெரிய வியப்பு காத்திருந்தது. இரைப்பை நீரில் வாலசைத்து நீந்தும் சில நுண்ணுயிர்களை ஆய்வாளர்கள் ஒரு செல் விலங்குகள் என்றே எண்ணியிருந்தனர். அவை பூஞ்சையின் நீந்தும் வித்துகள் என்று 1975இல் இங்கிலாந்தின் காலின் ஆர்பின் நிறுவினார். ஆக்சிஜன் இல்லாமல் பூஞ்சை வாழாது என்று பாடநூல்கள் கூறிவந்த காலம் அது! இப்பூஞ்சைகள் வைக்கோல் தண்டுக்குள் வேர்போல் துளைத்துச் சென்று அதைப் பிளக்கின்றன. பாக்டீரியாக்கள் பின்தொடர்கின்றன.

ஆக, செல்லுலோசை வெட்டும் நொதிக்கு மாட்டின் வயிற்றில் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் நெல் வைக்கோலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு செரிக்காமல் சாணமாக வெளியேறுகிறதே, ஏன்? காரணங்கள் மூன்று. செல்லுலோஸ் கற்றைகளைச் சுற்றி லிக்னின் என்னும் மரப்பொருள் பூசியிருக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து ஏராளமான சிலிக்காவை, அதாவது மணலின் பொருளை, உறிஞ்சி இலைகளில் சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். நுண்ணுயிர்கள் பெருக நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதமாவது இருந்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 5 விழுக்காடு. வேலையாட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு இல்லை.

சோடாவும் யூரியாவும்

வைக்கோலின் பூட்டை வெளியிலிருந்து திறக்கும் முயற்சி முதல் உலகப் போரின் பட்டினியில் பிறந்தது. கடல் முற்றுகையால் ஜெர்மனிக்குத் தீவன தானியம் வருவது நின்றது. அப்போது எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியலார் வைக்கோலை 1.5 விழுக்காடு எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து, பிறகு நீரில் அலசிக் கால்நடைகளுக்குத் தரும் முறையை வகுத்தார். வேதியியல் மாணவர்கள் அறிந்த பெக்மன் வெப்பமானிக்கு உரியவர் இவரே. ரை என்னும் தானியத்தின் வைக்கோலில் 46 விழுக்காடாக இருந்த செரிமானம் இம்முறையால் 71 விழுக்காடு வரை உயர்ந்தது. எரிசோடா லிக்னினுக்கும் செல்சுவரின் மற்றச் சர்க்கரைப் பொருள்களுக்கும் இடையேயுள்ள பிணைப்புகளை அறுத்து, இறுகிய கற்றைகளை ஊதச் செய்கிறது. நுண்ணுயிர்களின் நொதி உள்ளே நுழைய வழி கிடைக்கிறது.

நம் நாட்டில் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கே. சி. சென்னும் உடன் பணியாற்றியவர்களும் 1940களின் தொடக்கத்தில் இம்முறையை இந்திய வைக்கோல்களில் சோதித்தனர். செரிமானம் கூடியது உண்மை. ஆனால் வைக்கோலை அலச எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அலசும்போது கரையும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். எரிசோடா கையைப் பொசுக்கும். கோடையில் குடிநீருக்கே குடத்தை எடுத்துக்கொண்டு நடக்கும் ஊரில் இது நடக்கக்கூடிய காரியமா? அதே குழுவினர், நெல் வைக்கோலிலுள்ள ஆக்சலேட்டு உப்புகள் மாட்டின் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கவர்ந்துகொள்வதையும் எடுத்துக்காட்டினர். வைக்கோலை மட்டும் தின்னும் கறவைக்குத் தாது உப்புக் கலவை தரவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையில் வைக்கோலே மாறிப்போயிற்று. இந்த மாற்றத்தில் நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கும் ஒரு பங்குண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்ற நெல், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மை உடையது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஒரு குட்டை இனத்தோடு இணைத்து ஐ.ஆர். 20 நெல்லை உருவாக்கி, 1969இல் வெளியிட்டனர். ஐ.ஆர். 20 தமிழகமெங்கும் பரவியதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய நெட்டை இனங்களில் பயிரின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நெல், மற்றதெல்லாம் வைக்கோல். குட்டை இனங்களில் பாதிக்குப் பாதி. மனிதனுக்குச் சோறு கூடியது. ஒரு மூட்டை நெல்லுக்கு மாட்டுக்குக் கிடைக்கும் வைக்கோல் குறைந்தது.

பின்னர் வந்த அறுவடை இயந்திரம் இன்னொரு மாற்றத்தைச் செய்தது. கோதுமையில் இலைதான் எளிதில் செரிக்கும், தண்டு செரிக்காது. நெல்லிலோ இது தலைகீழ். சிலிக்கா நிறைந்த இலையைவிடத் தண்டே நன்றாகச் செரிக்கும். இயந்திரம் உயர்த்தி அறுக்கும்போது தண்டின் ஒரு பகுதி வயலிலேயே நின்றுவிடுகிறது. கட்டாக வீட்டுக்கு வருவதில் இலையின் பங்கு மிகுந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அறுத்த வயலில் மாட்டை மேயவிடும் நம் வழக்கம் எவ்வளவு பொருளுள்ளது என்பது இதிலிருந்து விளங்கும்.

1980களில் எரிசோடாவின் இடத்தை யூரியா பிடித்தது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 50 லிட்டர் அளவு நீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் விடவேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி, சோடாவைப் போலவே பிணைப்புகளை நெகிழ்த்துகிறது. வைக்கோலில் தங்கும் நைட்ரஜன் நுண்ணுயிர்களுக்கு உணவுமாகிறது. இங்கே கவனியுங்கள்: யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவது எது? வைக்கோலில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி! 1926இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் வாள் அவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தது இந்த நொதியைத்தான். நொதி என்பது புரதமே என்று அதன்மூலம் காட்டி, 1946இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இளமையில் ஒரு கையை இழந்தவர் அவர். மறு கையால்தான் இத்தனையும் செய்தார். வைக்கோலுக்கு நொதி மருத்துவம் என்றால் அது எங்கோ ஆலையில் செய்த பொட்டலத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. யூரியா வைக்கோலில் அது காசில்லாமல் நடந்தேறுகிறது.

இலங்கையிலும் இந்தியாவிலும் ஆய்வாளர்கள் இம்முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பயோகான் திட்டம் இவற்றுள் பெரியது. வைக்கோலின் மேல் பூஞ்சையை வளர்த்து லிக்னினைக் கரைக்கும் முறையும் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கப்பட்டது. ஆனால் பூஞ்சையும் ஓர் உயிரல்லவா? அது தன் பங்குக்கு வைக்கோலில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டே மீதியை மாட்டுக்கு விட்டது.

யூரியா முறை பரவியதா? எதிர்பார்த்த அளவு பரவவில்லை. செயல்விளக்கம் நடந்த நாளில் பாராட்டிய உழவர்கள் பலர் பிறகு அதைத் தொடரவில்லை. அறியாமை என்று இதை எளிதாக ஒதுக்கிவிடுவது நம் படித்தவர்களின் பழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. வைக்கோல் மலிந்து, பசும்புல் அருகி, தண்ணீரும் ஆளும் கிடைத்து, பாலுக்கு நல்ல விலையும் உள்ள இடத்தில்தான் அது கட்டுப்படியாயிற்று. சொந்த நிலமில்லாமல் நாலு நாளுக்கு ஒருமுறை வைக்கோல் வாங்கிப் போடுபவர் எந்த வைக்கோலை மூன்று வாரம் மூடிவைப்பார்? கணக்குப் பார்த்துத்தான் விட்டார்கள்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இனிப் பொட்டலத்திற்கு வருவோம். அதன் பிறப்பு மாட்டுத் தொழுவத்தில் அன்று, போர்க்களத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வியக்கத்தக்க வேகத்தில் இற்றுப்போயின. பருத்தி என்பது ஏறக்குறையத் தூய செல்லுலோஸ் அல்லவா? அதைத் தின்பது எது என்று கண்டறியப் படையினர் ஓர் ஆய்வுக்கூடத்தையே அமைத்தனர். சாலமன் தீவுகளில் இற்றுப்போன துணியிலிருந்து கிடைத்த பூஞ்சை ஒன்றுக்குக் கியூ.எம். 6ஏ என்று எண்ணிட்டனர். எல்வின் ரீஸ் என்பவரும் மேரி மாண்டெல்ஸ் அம்மையாரும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். 1977இல் அந்தப் பூஞ்சைக்கு ரீசின் பெயராலேயே டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் சூட்டப்பட்டது.

துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி, செல்லுலோசை வெட்டும் நொதியை ஆலையில் உண்டாக்குவதில் போய் முடிந்தது. உண்மையில் அது ஒரு நொதியன்று, ஒரு கூட்டம். ஒன்று சங்கிலியின் நடுவில் வெட்டும். ஒன்று முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக உரிக்கும். இன்னொன்று அந்த இரட்டைகளைத் தனித்தனிக் குளுக்கோசாகப் பிரிக்கும். செல்லுலோசோடு கலந்துள்ள சைலான் என்னும் பொருளை வெட்டச் சைலனேஸ் என்ற நொதியும் சேர்கிறது.

இவற்றைக் கால்நடைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. 1960இல் அமெரிக்க அயோவா மாநிலத்தில் வைஸ் பரோஸ் குழுவினர் மாடுகளின் தீவனத்தில் நொதிக் கலவை சேர்த்த முடிவுகளை வெளியிட்டனர். சில சோதனைகளில் எடை கூடியது, சிலவற்றில் கூடவில்லை. அக்காலக் கலவைகளில் எந்த நொதி எவ்வளவு என்பதே தெளிவாக இல்லை. விலையும் அதிகம். நொதி என்பது புரதம்தானே, இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதையும் தின்றுவிடும் என்ற ஐயமும் சேர, முயற்சி ஓய்ந்தது.

கோழித் தீவனத்திலோ கதை வேறு. தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருளில் அடைபட்ட பாஸ்பரசைக் கோழியால் சரிவரப் பயன்படுத்த முடியாது. அதை விடுவிக்கும் பைட்டேஸ் என்ற நொதி 1991இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்து, விரைவில் உலகெங்கும் பரவியது. கோழிக்குப் போதிய அளவில் இல்லாத ஒன்றை நாம் கொடுக்கிறோம், பயன் தெரிகிறது. மாட்டுக்கோ முதல் இரைப்பையின் நுண்ணுயிர்களே பைட்டேசை உண்டாக்குகின்றன. ஆகவே ஒரு பொட்டலத்தின் பெருமையெல்லாம் பைட்டேசைச் சுற்றியே இருந்தால் அது கோழிக்கானது என்று வைத்துவிடலாம்.

மாட்டுக்கான நொதி ஆராய்ச்சி 1990களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் மீண்டும் உயிர்பெற்றது. கேரன் போஷமின் அம்மையாரும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. குதிரைமசால் உலர்தீவனம் தின்ற காளைகளுக்கு நொதி தெளித்துக் கொடுத்தபோது எடை கூடும் வேகம் 30 விழுக்காடு வரை உயர்ந்தது. ஆனால் குறைந்த அளவு நொதியில்தான். அளவைக் கூட்டியபோது பயன் மறைந்துவிட்டது! திமோத்தி என்ற புல்லிலோ மிக உயர்ந்த அளவில்தான் பயன் தெரிந்தது. வாற்கோதுமையை ஈரமாகப் பதப்படுத்திய ஊறுகாய்ப்புல்லில் ஒரு பயனும் இல்லை.

ஏன் இப்படி? உலர்ந்த தீவனத்தில் நீரோடு தெளித்த நொதி, மாடு தின்னும் முன்பே நாரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய நொதியை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை. பூஞ்சையிலிருந்து வரும் இந்நொதிகள், பழைய ஐயத்திற்கு மாறாக, இரைப்பையில் சில மணி நேரமாவது தாக்குப்பிடிப்பதும் பின்னர் தெரியவந்தது. அவை நாரின் மேற்பரப்பில் சிறு சிறு வடுக்களை உண்டாக்குகின்றன. அங்கே இரைப்பையின் பாக்டீரியாக்கள் பற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கின்றன. நொதியை மிகுதியாகக் கொட்டினால் பாக்டீரியா பற்றவேண்டிய இடத்தையெல்லாம் அதுவே அடைத்துக்கொள்ளக்கூடும் என்பது ஒரு விளக்கம்.

ஆக, பொட்டலத்திலுள்ள நொதி வேலையை முடிப்பதில்லை. தொடங்கிவைக்கிறது, அவ்வளவே. முடிப்பவர்கள் மாட்டின் சொந்தக் குடிகள். அவர்கள் பட்டினியாக இருந்தால் வாசலைத் திறந்து வைத்து என்ன பயன்? லெத்பிரிட்ஜில் நன்மை கண்ட குதிரைமசாலில் புரதம் நிறைந்திருந்தது என்பதை மறக்கக்கூடாது.

இதைக் கும்மிடிப்பூண்டி மாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பகலெல்லாம் மேயும் மாட்டின் புல்லின்மேல் யாரும் நொதி தெளிக்க முடியாது. மாலையில் தவிட்டோடு கலந்து கொடுத்தால் அது தவிட்டோடு போகுமே தவிர, காலையில் தின்ற புல்லைத் தேடிச் செல்லாது. பொட்டலத்தின்மேல் நொதியின் வலிமையைப் பெரிய எண்ணால் குறித்திருப்பார்கள். அந்த வலிமையைப் பெரும்பாலும் 50 டிகிரி வெப்பத்திலும் நல்ல அமிலத் தன்மையிலும் அளக்கிறார்கள். டிரைக்கோடெர்மா நொதிக்கு அதுதான் பிடித்தமான சூழல். மாட்டின் இரைப்பையோ 39 டிகிரி, அமிலமும் அவ்வளவு இல்லை. அதே நொதி அங்கே அதே வேகத்தில் வெட்டாது.

நம் வீடுகளில் கழுநீரில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கரைத்துத் தொட்டியில் வைப்பதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கலாம். புண்ணாக்கின் நைட்ரஜன் நுண்ணுயிர்களைப் பெருக்குகிறது. பெருகிய நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரிக்கும் நொதியைத் தாமே உண்டாக்குகின்றன. வேலியில் வளர்க்கும் அகத்தி, சவுண்டல், வேலிமசால் ஆகியவற்றின் தழையும் இதே வேலையைச் செய்யும். சவுண்டலை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். அதில் மைமோசின் என்ற நச்சு சிறிது உண்டு. வைக்கோல்போரும் இடமும் உள்ளவர் யூரியா முறையைக் கையாளலாம். கன்றுகளுக்கு அது ஆகாது. கரையாத யூரியா மாட்டைக் கொல்லும் என்பதால், முதல் முறை கால்நடை மருத்துவரின் மேற்பார்வையிலேயே செய்யவேண்டும்.

இவ்வளவும் செய்து, நல்ல கலப்புத் தீவனமும் கொடுத்துப் பால் கறப்பவர் நொதியையும் பார்த்துவிடலாமே என்று நினைத்தால், தடையில்லை. செல்லுலேசும் சைலனேசும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். மாலைத் தீவனமாகும் உலர்ந்த வைக்கோலின்மேல் நீரில் கரைத்துத் தெளித்து, சில மணி நேரம் கழித்துக் கொடுங்கள். மூன்று வாரம் கொடுத்து, மூன்று வாரம் நிறுத்தி, நாள்தோறும் பாலை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கறவை நாள் செல்லச்செல்லப் பால் தானாகவே குறையும் என்பதால், முடிந்தால் இரண்டு மாடுகளில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பொட்டலத்தின் விலையை அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.